பனிச்சறுக்கல் ஆட்டமொன்று மீண்டு வந்த வரலாறு

ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும், கடதாசியைப் பூச்சி துளைக்கும், கல்லெழுத்தை மழையும் வெயிலும் தேய்க்கும். இவற்றை யாவரும் அறிவர். கணினியில் எழுதி வைத்த ஒன்றை எது அழிக்கும் என்று மாணவன் ஒருவன் வகுப்பிலே என்னை வினவினான். அதற்கு அழிவே இல்லை என்பது அவன் எண்ணம். அன்று நான் அவனுக்குக் கூறிய விடை அரைகுறையானது. அதனை நிறைவு செய்தற்கு இம்மலர் ஒரு வாய்ப்பளித்தது. விளையாட்டொன்றின் வரலாற்றைக் கொண்டே அவ்விடையை விளக்கப் புகுகின்றேன். தமிழாசிரியனுக்குக் கணினி விளையாட்டில் என்ன வேலை என்று பழைய மாணவருட் சிலர் நகைத்தல் கூடும். அன்னோர் பொறுத்தருளி இறுதிவரை படிப்பாராக.

விளையாட்டின் இயல்பு

அவ்விளையாட்டின் பெயர் ஸ்கீஃபிறீ. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆசிரிய பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், கலாசாலையின் கணினி அறையில் யான் அதனை முதன்முதலாகக் கண்டேன். பனி என்றால் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி என்றே அறிந்திருந்த எமக்கு, திரை முழுதும் வெண்மையாகக் கிடந்த அந்த மலைச்சரிவு ஒரு புதுமையாயிற்று. இன்று ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம் பழைய மாணவர்க்கு உறைபனி அன்றாடக் காட்சி. எமக்கோ அதனைக் காட்டிய முதற் பலகணி அந்தச் சிறு திரையே.

ஆட்டம் மிக எளிது. இரு சறுக்குப் பலகைகளிற் காலூன்றிய ஒருவன் சரிவிற் கீழ்நோக்கி விரைகின்றான். மரங்கள், அடிமரக் கட்டைகள், பாறைகள், நாய், பிற சறுக்குவோர் ஆகிய தடைகள் அடுத்தடுத்து எதிர்ப்படும். சுட்டியாலோ விசைப்பலகையாலோ அவனை இடமும் வலமும் திருப்பித் தடைகளைத் தவிர்த்தல் வேண்டும். கொடிகளுக்கிடையே வளைந்து செல்லும் பந்தயமும், மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் பந்தயமும், மேடுகளிலேறி வானிற் பாய்ந்து வித்தை காட்டிப் புள்ளி பெறும் பந்தயமும் என மூவகைப் போட்டிகள் அதில் உள.

பந்தயம் முடிந்த பின்னரும் சறுக்கிக்கொண்டே செல்பவனைத் தேடி, எங்கிருந்தோ பனிப்பூதம் ஒன்று கைகளை உயர்த்திக்கொண்டு ஓடிவரும். வந்து அவனைப் பிடித்து முழுதாக விழுங்கிவிடும். எத்துணைத் திறமையாளனாயினும் முடிவு இதுவே என்று நாம் நம்பியிருந்தோம். ஆங்கில எழுத்தாகிய ‘எஃப்’ விசையை ஒருமுறை அழுத்தினால் சறுக்குவோனின் வேகம் மிகுந்து பூதத்திடமிருந்து தப்பலாம் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். உலகெங்கும் பலர் என்னைப் போலவே இதனைக் காலந்தாழ்த்தி அறிந்தனராம். அறியாமையும் ஒருவகை இன்பமே; எனினும் அதற்கு இரையானவன் அந்தச் சறுக்குவோன் ஆவன்.

தோன்றிய விதம்

இவ்விளையாட்டின் வழிமுறை மூன்று தலைமுறை கொண்டது. 1980 இல் அமெரிக்காவின் அக்ரிவிஷன் நிறுவனம், அற்றாரி 2600 என்னும் வீட்டு விளையாட்டுப் பொறிக்கெனப் பனிச்சறுக்கல் விளையாட்டொன்றை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் பொப் வைற்ஹெட். அதனாற் கவரப்பட்ட கிறிஸ் பிரி என்னும் இளைஞர், வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெற் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த காலத்திலே, அங்கிருந்த வாக்ஸ் என்னும் பெருங்கணினிக்கு அதனையொத்த ஒன்றை எழுதினார். அக்கணினியின் முனையங்கள் எழுத்தையன்றிப் படத்தைக் காட்டமாட்டா. ஆகவே அவர் போட்ரான் மொழியைக் கொண்டு எழுத்துக்களாலும் குறிகளாலுமே மலைச்சரிவை அமைத்தார். இது இரண்டாந் தலைமுறை.

பின்னர் அவர் மைக்ரோசொவ்ற் நிறுவனத்திற் செய்நிரலாளராகப் பணிபுரிந்தார். விண்டோஸ் முறைமைக்குச் செய்நிரல் எழுதும் வகையைத் தாமே கற்பதற்காகவும் தம் பொழுதுபோக்கிற்காகவும், வீட்டிலிருந்த தமது கணினியில், சி மொழியிலே ஸ்கீஃபிறீயை எழுதினார். அலுவலகத்தில் அவர் அதனை ஆடிக்கொண்டிருந்ததை விளையாட்டுத் தொகுப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் காண நேர்ந்தது. கண்டவர் கண்டிக்கவில்லை, தொகுப்பிற் சேர்ப்பதற்குக் கேட்டுப் பெற்றார். இவ்வாறு 1991 இல், மைக்ரோசொவ்ற் வெளியிட்ட மூன்றாவது பொழுதுபோக்குத் தொகுப்பிலே ஸ்கீஃபிறீ உலகிற்கு அறிமுகமாயிற்று. தன் கல்வியின் பொருட்டு ஒருவன் எழுதிய பயிற்சியே பல இலட்சம் பேருக்கு இன்பம் தந்தது என்பதை மாணவர் மனங்கொள்வாராக.

மூலமும் ஆக்கமும்

இனி, இவ்விளையாட்டு எவ்வாறு மறையத் தொடங்கிற்று என்பதை ஆராய்வாம். அதற்குக் கணினியின் அடிப்படை ஒன்றை அறிதல் வேண்டும்.

செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் இரு வடிவங்கள் உண்டு. மனிதன் எழுதுவது மூலக்குறி. அது சி முதலிய மொழிகளில் அமைந்தது. மொழி கற்றவன் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், விரிக்கலாம். கணினியின் முறைவழியாக்கி அதனை நேரே அறியாது. ஆதலாற் ‘தொகுப்பி’ எனப்படும் வேறொரு செய்நிரல் மூலக்குறியைப் பொறிமொழியாக மாற்றித் தருகின்றது. கடையில் விற்பனையாவதும் நாம் கணினியில் இயக்குவதும் இப்பொறிமொழி வடிவமே. இம்மாற்றத்தின்போது ஆசிரியன் இட்ட பெயர்களும் விளக்கக் குறிப்புக்களும் உதிர்ந்துபோகும்.

ஒடியற் கூழை இதற்கு உவமையாகக் கூறலாம். கூழைக் குடித்தவன் அதன் சுவையை அறிவான். அதில் இட்ட மாவையும் மீனையும் புளியையும் மீளவும் தனித்தனியே பிரித்தெடுத்தல் அவனால் இயலாது. அவ்வாறே பொறிமொழியிலிருந்து மூலக்குறியைப் பெறுதல் பெரிதும் அரிது. பல மாதம் பாடுபட்டு ஊகித்து எழுதலாம். எழுதினும் அது முதலாசிரியனின் மூலம் ஆகாது. எனவே, ஒரு செய்நிரலின் உயிர் அதன் மூலக்குறியில் உள்ளது. அது தொலைந்தால், வெளியிடப்பட்ட வடிவம் அக்காலத்துக் கணினிகள் இருக்கும் அளவும் நடமாடும். அவை ஒழிந்ததும் தானும் ஒழியும்.

அடைபட்ட வாயில்

ஸ்கீஃபிறீ 16 பிற் செய்நிரலாக எழுதப்பட்டது. பிற் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம். 16 பிற்றுக்களைச் சேர்த்து 65,536 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். 32 பிற்றாயின் அத்தொகை 4,294,967,296 ஆகும். நினைவகத்தின் இடங்களுக்குக் கணினி எண்ணால் முகவரி இடுகின்றது. ஆதலால் எண்ணின் அகலம் கூடக்கூட, கையாளும் நினைவகமும் பெருகும். கணினித் தொழில் 16 இலிருந்து 32 இற்கும், 32 இலிருந்து 64 இற்கும் பெயர்ந்ததன் காரணம் இதுவே.

முதற் பெயர்ச்சியின்போது பழையன கைவிடப்படவில்லை. 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 உம் அதன் பின்வந்த 32 பிற் விண்டோஸ் முறைமைகளும் 16 பிற் செய்நிரல்களுக்குத் தனி வாயில் ஒன்றைத் திறந்தே வைத்திருந்தன. 64 பிற் விண்டோஸ் முறைமையில் அவ்வாயில் அடைக்கப்பட்டது. அம்முறைமை 32 பிற் செய்நிரலை ஏற்கும். 16 பிற் செய்நிரலை ஏற்காது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இற்கு 32 பிற் வடிவமே இல்லை. ஆகவே, 1991 இல் வெளியான ஸ்கீஃபிறீயின் பிரதி ஒன்றை இன்றைய கணினியில் இட்டால், இச்செய்நிரல் இங்கு இயங்காது என்ற அறிவித்தல் மாத்திரமே தோன்றும். பிரதியில் ஓர் எழுத்துங் கெடவில்லை. அதனைப் படிக்கும் கண்தான் இல்லாமற் போயிற்று. மாணவன் வினாவுக்கு யான் அன்று சொல்லத் தவறிய விடை இதுவாகும்.

உயிர் மீண்ட விதம்

இவ்விளையாட்டை விரும்பியோர் அதன் 32 பிற் வடிவத்தைத் தருமாறு ஆசிரியரை நெடுங்காலம் வேண்டிவந்தனர். பிரி அவர்களிடமோ மூலக்குறி இல்லை. அது எங்கோ தவறிப்போயிற்று. ஆக்கியவனே தன் ஆக்கத்தைத் திருத்தமாட்டாத நிலை நேர்ந்தது. 2005 இல் அவர் தமது பழைய சேமிப்புக்களிடையே 1.03 ஆம் பதிப்பின் மூலக்குறியைக் கண்டெடுத்தார். அதனைப் புதிய தொகுப்பியில் இட்டு 32 பிற் செய்நிரலாக்கித் தமது இணையத் தளத்தில் யாவரும் பெறுமாறு வைத்தார்.

மூலம் கிடைத்ததும் வேலை தானே முடிந்துவிடும் என்று எண்ணலாகாது. 16 பிற் விண்டோஸிற்கு எழுதும் சி மொழியில், முழுவெண் ஒன்று −32,768 முதல் 32,767 வரையுள்ள எண்களையே கொள்ளும். 32 பிற் முறைமையிலே அதன் அகலம் இருமடங்காகும். நினைவக முகவரியைக் குறிக்கும் முறையும், பணிசெயல் முறைமை செய்நிரலுக்குச் செய்தி அனுப்பும் முறையும் வேறுபடும். இவற்றையெல்லாம் ஓரிடமும் விடாது பார்த்துச் சீர்செய்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவன் சந்தி பிரித்துப் பாடம் தெளிந்து அச்சுக்குக் கொடுத்தல் போன்றது இப்பணி.

பயன் என்ன? 16 பிற் வாயில் அடைபட்ட பின்னரும் 32 பிற் வாயில் திறந்தே இருந்ததனால், 2005 இற் புத்துயிர் பெற்ற அச்செய்நிரல் இன்றைய 64 பிற் கணினிகளிலும் இயங்குகின்றது. அதே வெண்சரிவு, அதே நாய், அதே பூதம். சென்ற ஆண்டு பாடசாலைக் கணினி அறையில் அதனை இயக்கிக் காட்டினேன். மாணவர் இருபதின்மர் சுற்றி நின்றனர். பூதம் தோன்றிய கணத்தில் எழுந்த ஆரவாரம், கலாசாலையில் நாம் எழுப்பிய ஆரவாரத்தின் எதிரொலியாகவே என் செவியில் ஒலித்தது.

ஏனைய இரு வழிகள்

மூலம் கிடையாத விடத்து வேறு வழி இல்லையோ எனின், உண்டு. செய்நிரலை மாற்றாது, அது வாழ்ந்த கணினியையே புதுக்கணினிக்குள் ஒரு செய்நிரலாகப் படைத்தல் அவ்வழி. இதனைச் செய்வது எமுலேற்றர் எனப்படும். பழைய முறைவழியாக்கியின் ஒவ்வொரு கட்டளையையும் அது வாசித்து, புதிய கணினி அறியும் வகையில் நடித்துக் காட்டும். 1985 இல் எபிக்ஸ் நிறுவனம் கொமடோர் 64 என்னும் கணினிக்கு வெளியிட்ட ‘விண்ரர் கேம்ஸ்’ இதற்குச் சான்று. பனிப்பாய்ச்சல், விரைவுச் சறுக்கல், பனிவண்டி ஓட்டம், சறுக்கலும் சுடுதலும் கலந்த போட்டி முதலிய ஏழு போட்டிகள் அதில் உள. எபிக்ஸ் 1989 இல் முறிவடைந்தது. கொமடோர் நிறுவனமும் 1994 இல் முறிவடைந்தது. ஆக்கியோரும் பொறி செய்தோரும் மறைந்த பின்னரும், வைஸ் என்னும் எமுலேற்றரின் துணையால் அவ்விளையாட்டு இன்றும் இயங்குகின்றது. பழைய டொஸ் முறைமையின் விளையாட்டுக்களுக்கு டொஸ்பொக்ஸ் என்பது இவ்வாறு உதவுகின்றது. இவ்வழியில் ஆக்கம் உள்ளபடி காக்கப்படும். அதனைத் திருத்தவோ வளர்க்கவோ இயலாது.

மற்றொரு வழி, மூலக்குறியைத் தொடக்கத்திலேயே உலகிற்கு ஈந்துவிடுதல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜஸ்மின் பற்றி என்பவர், கணினி வரைகலைப் பாடத்தின் இறுதி வேலையாக ரக்ஸ் ரேசர் என்னும் விளையாட்டைத் தொடங்கினார். பென்குயின் பறவையொன்று வயிற்றாற் பனிச்சரிவில் வழுக்கிச் சென்று மீன்களைப் பொறுக்குவதே ஆட்டம். 2000 ஆம் ஆண்டில் அது குனூ பொது உரிமத்தின் கீழ் மூலக்குறியோடு வெளியிடப்பட்டது. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதை வெளியிடுவோர் அதன் மூலத்தையும் அவ்வாறே வழங்குதல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நெறி. 2002 இல் அவரும் நண்பரும் நடத்திய சண்ஸ்பயர் நிறுவனம் மூலத்தை வெளியிடாத வணிகப் பதிப்பொன்றை விற்றது. காலப்போக்கில் அந்நிறுவனம் மறைந்தது. முன்பே ஈந்த மூலம் மறையவில்லை. அதனை எடுத்து வேறு சிலர் வளர்த்தனர். அவ்வழியில் வந்த எக்ஸ்றீம் ரக்ஸ் ரேசர் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றது. கொடுத்தது நின்றது; பூட்டி வைத்தது போயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். செய்நிரலும் நூலைப் போல ஆசிரியனின் உடைமை. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரலைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களுள் ஒன்றாகக் கொள்கின்றது. ஆகவே, நிறுவனம் மறைந்தது என்பதனால் உரிமையும் மறைந்தது என்று கொள்ளலாகாது. பழைய விளையாட்டைப் புதுப்பிக்க விரும்பும் மாணவன் முதலில் உரிமையாளரின் இசைவைத் தேடுக. அன்றேல் உரிமம் வெளிப்படையாக வழங்கப்பட்ட மூலத்தைத் தேர்க.

என் இழப்பு

இதுவரை கூறியது பிறர் கதை. இனி என் கதையையும் சுருங்கக் கூறுவேன்.

பயிற்சிக் காலத்து ஒப்படையாக, எமது ஊரிலும் அயலூர்களிலும் இருந்த மூதாட்டிமார் பாடிய தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் தொகுத்தேன். சைக்கிளில் மாலைதோறும் சென்று, திண்ணைகளிலிருந்து கேட்டுக் கொப்பியில் எழுதினேன். பின்னர் கலாசாலைக் கணினியில் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து நெகிழ்வட்டு ஒன்றிற் சேமித்தேன். ‘இனி இதற்கு அழிவில்லை’ என்று கருதிக் கொப்பிகளைப் பேணாது விட்டேன். அவற்றை வீட்டுக் கறையான் தின்றது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அத்தொகுப்பைத் தேட நேர்ந்தது. நெகிழ்வட்டை இடும் வாய் உள்ள கணினியைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் சென்றது. இட்டபோது வட்டின் பெரும்பகுதி வாசிக்கப்படவில்லை. மீண்ட சில பக்கங்களும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றின. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலே தமிழெழுத்தின் வடிவை ஏற்றி வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். யூனிக்கோட் முறையில் தமிழெழுத்துக்களுக்கென உலகம் ஒப்பிய தனியெண்கள் உண்டு. அம்முறையின் முதற் பதிப்பு, ஸ்கீஃபிறீ வெளிவந்த அதே 1991 ஆம் ஆண்டிலே தமிழுக்கு இடம் வகுத்தது. அதனை அறியாதிருந்தது என் பிழை.

மாற்றுச் செய்நிரலின் உதவியால் அப்பக்கங்களைத் தமிழாக்கிப் பதினொரு பாடல்களை மீட்டேன். தொகுத்தவை எழுபதுக்கு மேற்பட்டவை. பாடிய மூதாட்டிமார் எவரும் இன்றில்லை. பூதம் விழுங்கிய சறுக்குவோனை ஒரு விசையைத் தட்டி மீண்டும் மலையுச்சியில் நிறுத்தலாம். அந்தப் பாடல்களுக்கு அத்தகைய விசை ஒன்று இல்லை.

கடன்

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, சிதைந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, அச்சேற்றினார். ஏடு முற்றாக அழியுமுன் அதனை அடுத்த காலத்தின் ஊடகத்திற்கு மாற்றினார் என்பதே அப்பணியின் சாரம். பிரி அவர்கள் தமது சிறு விளையாட்டுக்குச் செய்ததும் அதுவே. பொருளின் பெருமை வேறு வேறு, முறை ஒன்று.

மாணவர்காள், நீவிர் எழுதும் செய்நிரல் சிறிதாயினும் அதன் மூலக்குறியைப் பேணுமின். ஒரே இடத்தில் வையாது இரண்டு மூன்று இடங்களில் வைமின். எழுதியதன் நோக்கத்தையும் இயக்கும் வகையையும் ஒரு பக்கத்திற் குறித்து உடன் வைமின். தமிழை யூனிக்கோட்டிலேயே எழுதுமின். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்த்துப் புதிய வடிவுக்கு மாற்றுமின்.

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலே எம் கல்லூரியின் பழைய மலர்கள், நாடகப் பிரதிகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், ஒலிநாடாக்கள், நெகிழ்வட்டுக்கள் கிடத்தல் கூடும். அவை பயனற்றவை என்று எறிந்துவிடாதீர்கள். கல்லூரி நூலகத்திற்கு அனுப்பி வையுங்கள். அவற்றைப் படியெடுத்துக் காக்கும் பணிக்கு ஒவ்வொரு வெள்ளியும் மாலையில் மாணவர் அறுவரோடு யான் அங்கு இருப்பேன். வட்டை வாசிக்கும் பழைய கணினி ஒன்றும் கைவசம் உண்டு. பணி ஓய்ந்த நேரத்தில் அதிற் பனிப்பூதத்தையும் காணலாம். தப்பும் விசை எதுவென்பதை இப்போது யாவரும் அறிவீர்.